யன்னல் ஒன்றை அமைப்பதற்கு முன்: பரமானக் கூறுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நாற்சார் வீட்டு யன்னலைப் போல நிலை, இரட்டைக் கதவு, நடுவே இரும்புக் கம்பிகள் என்று அமைந்த ஒரு யன்னலை ரெவிட் என்னும் கட்டட வடிவமைப்பு மென்பொருளில், அளவை மாற்றினால் தானே உருமாறும் பரமானக் கூறாக ஆக்க முனைபவர் செய்யும் முதற் தவறு, மரத்தை வரைந்துவிட்டுப் பிறகு அதற்கு அளவுகளைப் பூட்டப் பார்ப்பதாகும். அகலம், உயரம், சுவர்த் தடிப்பு ஆகியவற்றுக்குரிய ரெஃபரன்ஸ் பிளேன்களை (பாகங்களைப் பூட்டுவதற்கான வழிகாட்டித் தளங்களை) முதலில் இட்டு, அவற்றுக்கிடையிலான அளவுகளுக்குப் பரமானங்களை, அதாவது மாற்றக்கூடிய மதிப்புகளை, கொடுத்து, அந்த வெறுங்கூடு ஒழுங்காக விரிந்து சுருங்குகிறதா என்று பார்த்த பின்னரே மரமும் கண்ணாடியும் வரையப்பட வேண்டும்.

900 மில்லிமீற்றர் அகலத்தில் அழகாக நின்ற யன்னலை 1500 ஆக மாற்றிப் பாருங்கள். 75 மில்லிமீற்றராக இருந்த நிலைக்கால் 375 ஆகத் தடித்துவிட்டால், வெளி விளிம்பு மட்டுமே பிளேனில் பூட்டப்பட்டிருக்கிறது; உள் விளிம்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இரு பக்கமும் 300 வீதம் விலகியதால் வந்த தடிப்பு அது. இந்தச் சோதனையை ஒவ்வொரு பாகத்தையும் வரைந்தவுடன் செய்தால் பிழை எங்கே புகுந்தது என்பது உடனே தெரியும். எல்லாம் முடிந்த பின் செய்தால் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். கம்பிகளின் எண்ணிக்கையையும் அகலத்தை இடைவெளியால் வகுத்து முழு எண்ணாக்கும் சூத்திரத்தால் பெறுவதே முறை. சிறிய வென்ரிலேற்றரில் அந்த எண்ணிக்கை 2 இற்குக் குறைந்தால் ரெவிட்டின் பழைய பதிப்புகள் பிழை காட்டும் என்பதால், சூத்திரத்திலேயே அதற்கு ஒரு கீழெல்லை வைக்க வேண்டும்.

எந்த அளவு வகைக்குரியது (அதாவது அந்த வகை யன்னல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது), எந்த அளவு தனி யன்னலுக்குரியது என்பதை முன்பே தீர்மானிக்காதது அடுத்த தவறு. குசினி யன்னலின் அகலத்தை நான் ஒருமுறை குறைத்தபோது, அது வகைக்குரிய பரமானமாக இருந்ததால் முன்விறாந்தையின் யன்னல்கள் எல்லாம் சேர்ந்து ஒடுங்கிவிட்டன. அன்று அதைக் கவனியாமல் தாள்களை அச்சிட்டுவிட்டேன். அகலமும் உயரமும் வகைக்குரியனவாகவே இருக்கலாம். ஆனால் வேறு அளவு வேண்டும்போது வகையை நகலெடுத்துப் புதுப் பெயரிட்ட பின்னரே மாற்ற வேண்டும். தரையிலிருந்து யன்னல் அடிமட்டம் வரையான உயரம் தனி யன்னலுக்குரியது.

நம்மிடையே மேசன்மாரும் தச்சர்களும் அடியிலும் அங்குலத்திலும் பேசுகின்றனர். 4 அடி என்றால் 1219.2 மில்லிமீற்றர். அதை 1200 என்று கூறில் எழுதினால், 4 அடி இடம்விட்டுக் கட்டிய சுவரில் ஏறத்தாழ முக்கால் அங்குல இடுக்கு விழும். ஆர்க்கிகேட் என்னும் மற்றொரு கட்டட வடிவமைப்பு மென்பொருளின் ஜிடிஎல் நிரல் மொழியில் கூறுகளை எழுதுபவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்: அங்கே நிரலில் எழுதும் நீளம் எப்போதும் மீற்றர்தான். 50 மில்லிமீற்றரை நினைத்து 50 என்று எழுதினால் 50 மீற்றர் மரம் முளைக்கும்.

தரைப்படக் குறியீட்டைத் தனியாக வரையாமல் முப்பரிமாண உருவத்திலிருந்து எடுப்பது எளிதாகத் தோன்றும். ஆர்க்கிகேட்டில் புரொஜெக்ட்2 கட்டளை அதைத்தான் செய்கிறது. ஆனால் தரைப்படம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் முழு உருவமும் கணக்கிடப்படுவதால் யன்னல்கள் நிறைந்த வீட்டில் கணினி தடுமாறும். ஒரு சில கோடுகளால் வரைந்த குறியீடு வேகமானது, அச்சிலும் தெளிவானது. ரெவிட்டில் சிம்பொலிக் கோடுகள் (படத்தில் மட்டும் தெரியும் குறியீட்டுக் கோடுகள்) இதே வேலையைச் செய்யும். அங்கே தரைப்படம் வழமையாக 1200 மில்லிமீற்றர் உயரத்தில் வெட்டப்படுவதால், 1800 இல் வைத்த குளியலறை வென்ரிலேற்றர் படத்தில் வெட்டுத் தோற்றத்தில் தெரியாது. அந்த இடத்துக்கு மட்டும் பிளான் ரீஜன் (தனி வெட்டுமட்டம் கொண்ட பகுதி) இட்டு வெட்டுமட்டத்தை உயர்த்த வேண்டும். பழைய ஓட்டோகேட் வரைபடத்தை அப்படியே கூறுக்குள் இறக்குமதி செய்வதையும் தவிருங்கள். அதன் லேயர்கள் எல்லாம் கூடவே வந்து திட்டக் கோப்பில் குவியும்.

தச்சருக்குக் கொடுக்கும் யன்னல் அட்டவணையில் மரத்தின் பெயரோ கம்பியின் தடிப்போ வர வேண்டுமானால், அவை பகிர்வுப் பரமானங்களாக, அதாவது கூறுகளும் திட்டமும் பொதுவாகப் பயன்படுத்தும் தனிக் கோப்பில் வரையறுக்கப்பட்டவையாக, இருக்க வேண்டும். கூறுக்குள் மட்டும் வாழும் பரமானத்தை ரெவிட் அட்டவணை படிப்பதில்லை. இருவர் தனித்தனியே ஒரே பெயரில் உருவாக்கினாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறுபடுவதால் அட்டவணையில் ஒருவரின் யன்னல்களுக்கு நேரே வெற்றிடமே வரும். ஆகவே அலுவலகம் முழுவதற்கும் ஒரே பகிர்வுக் கோப்பு இருக்கட்டும், அதை மாற்றும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும்.