காஞ்சொறியும் நெட்டிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்டில் என்று இணையத்தில் புகழப்படும் உர்டிகா டயோயிகா என்னும் மூலிகைச் செடி, காஷ்மீர், உத்தராகண்ட் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் வளர்வது. மாதவரம், மணலிப் பக்கத்துப் புதர்களில் உடலில் பட்டதும் அரிக்கும் கொடி பெரும்பாலும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுகாஞ்சொறியாகவே இருக்கும். இரண்டும் அரிக்கின்றன என்பதற்காக ஒன்றன் குணத்தை மற்றொன்றின்மேல் ஏற்றுவதுதான் அடிப்படைத் தவறு. 2020இல் வடசென்னையின் தெருக்களில் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சிறுகாஞ்சொறி வேரும் ஒன்று என்பது உண்மையே. அதை வைத்து அந்த வேரைத் தனியாக அரைத்துக் குடிக்கலாம் என்று முடிவு கட்டக் கூடாது.

நெட்டிலிலேயே இலை வேறு, வேர் வேறு. இலையில் குவெர்செட்டின், கேம்ப்ஃபெரால் முதலிய ஃபிளாவனாய்டு வகைத் தாவரச் சேர்மங்களும், குளோரோஜெனிக் அமிலமும், கால்சியம், இரும்பு, வைட்டமின் கே ஆகியவையும் உள்ளன. வேரில் பீட்டா சிட்டோஸ்டெரால், லிக்னான்கள் ஆகிய வேறு தாவரச் சேர்மங்களும், லெக்டின் எனும் புரதமும் காணப்படுகின்றன. ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்தால் வரும் சிறுநீர்த் தொல்லைக்கு ஐரோப்பியர் பயன்படுத்துவது வேரைத்தான். அதற்காக இலைத் தேநீர் வாங்குவது வீண்செலவு. இரும்புச்சத்துக்காக என்றாலும், முருங்கைக்கீரை எளிதில் கிடைக்கும் வண்ணாரப்பேட்டையில் நெட்டில் இலைத் தூளைத் தேடி அலைவது எனக்கு விளங்கவில்லை.

இலையின் வைட்டமின் கே, இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கப்படும் வார்ஃபரின் மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது; கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுவதே நல்லது.

அரிப்புக்குக் காரணம் ஃபார்மிக் அமிலம் மட்டுமே என்று எண்ணிச் சமையல் சோடாவைத் தேய்ப்பதும் தவறு. நெட்டிலின் கொட்டும் முடியிலுள்ள சிலிக்கா முனை உடைந்து ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரோட்டோனின் ஆகியவை தோலுக்குள் இறங்குகின்றன; சிறுகாஞ்சொறியிலோ கால்சியம் ஆக்சலேட் ஊசியே குத்துகிறது. எதுவாயினும் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, சோப்பு நீரால் கழுவ வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குப்பைமேனியை இந்திய நெட்டில் என்று விற்கிறார்கள். அதற்குக் கொட்டும் முடிகளே இல்லை. இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு உள்ளவர்கள் அதை உட்கொண்டபின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. குழந்தையின் சளிக்கு அதன் சாற்றைப் புகட்டும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். மேலும், கொடுங்கையூர் குப்பைமேட்டின் ஓரத்திலோ எண்ணூர்ச் சாம்பல் படிந்த நிலத்திலோ பறித்த எந்த மூலிகையையும், மண்ணிலுள்ள கன உலோகங்களைச் செடிகள் உறிஞ்சக்கூடும் என்பதால், வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.