ஸ்டெப்னி இல்லாத காரில் பஞ்சர் ஆனால்

ஓடும்போதே ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கினால், பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தணிந்தபின் சமதளமான ஓரத்தில் வண்டியை நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். காற்றில்லாத டயரில் சிறிது தூரம் ஓட்டினாலும் அதன் பக்கச்சுவர் நசுங்கிப் பாழாகிவிடும்.

ஸ்டெப்னிக்குப் பதிலாக டிக்கியில் பெரும்பாலும் சீலன்ட் எனும், ஓட்டையை அடைக்கும் திரவ பாட்டிலும், காற்றடிக்கும் சிறு கம்பரசரும் இருக்கும். அவற்றை எடுக்குமுன் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும். தரையைத் தொடும் பகுதியில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரையிலான துளையைத்தான் சீலன்ட் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் மீட்பு வண்டியை அழைப்பதே வழி. குத்தியிருக்கும் ஆணியைப் பிடுங்கத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான்.

சீலன்டை வால்வு வழியே செலுத்தி, கையேட்டில் கண்ட அளவுக்குக் காற்றேற்றி, உடனே சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் அது உள்ளே சீராகப் பரவும். பிறகு அழுத்தத்தை மீண்டும் பார்த்து, அது குறையாதிருந்தால், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாமல் அருகிலுள்ள பஞ்சர் கடைக்குச் செல்லலாம். உள்ளே சீலன்ட் இருப்பதை டயரைக் கழற்றுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு. அதைப் பலர் பஞ்சரான அன்றுதான் முதன்முதலில் படிக்கிறார்கள்.