செஞ்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவண்ணாமலைக்குப் போகிற வழிதானே, ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைப்பதுதான் செஞ்சி விஷயத்தில் முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் அந்த அவசரத்தில் பிறப்பவை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை அது. ராஜகிரியின் உயரமே ஏறத்தாழ 800 அடி. அந்த ஒரு மலையை நிதானமாக ஏறி இறங்கவே அரை நாள் வேண்டும்.

பத்து மணிக்கு மேல் ஏறத் தொடங்காதீர்கள். செஞ்சிப் பாறைகள் வெயிலைக் குடித்து, அதைத் திருப்பி நம் மேல் வீசும். நான் முதல்முறை போனபோது பதினொரு மணிக்குப் படியில் கால் வைத்தேன். பாதியில் தண்ணீர் தீர்ந்தது. உச்சியைப் பார்க்காமலே இறங்கினேன். மாலையில் ஏறலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள், பிற்பகலுக்கு மேல் மலையேற விடமாட்டார்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் அந்த வழிப் பஸ்களை நிறைத்துவிடும். வேறு நாள் பாருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் குரங்கு பறித்துக்கொள்ளும்.

அடுத்தது, இதைத் தேசிங்கு ராஜா கட்டிய கோட்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. ஊரின் வழக்கு இதை ஆனந்தக் கோன் என்ற தலைவனிடம் தொடங்குகிறது. பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் பெருக்கிக் கட்டினார்கள். அவர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானுக்குப் போனதை 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் முற்றுகையிட்டு, 1698-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். தேசிங்கு வருவது இதற்கெல்லாம் பிறகு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-இல் அவன் களத்தில் விழுந்தபோது வயது இருபத்திரண்டு என்பார்கள். ஆண்டது சில மாதங்கள்தான். ஆனாலும் கூத்திலும் கதைப்பாட்டிலும் பாராசாரிக் குதிரையோடும் நண்பன் மோவுத்துக்காரனோடும் இன்றும் வாழ்கிறான். ஆண்டு பல ஆண்டவர்களை மறந்த மக்கள், மாளத் துணிந்தவனைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்காகவே அந்தக் கதையை மதிக்கிறேன். கட்டியவன் அவன் என்ற பிழையை மட்டும் விட்டுவிடுங்கள்.

உச்சிக்கு ஓடுகிறவர்கள் அடிவாரத்தைத் தவறவிடுகிறார்கள். கூம்பு போல அடுக்கடுக்காக எழும் கல்யாண மஹால், வளைவுக் கூரையிட்ட களஞ்சியங்கள், யானைக் குளம், சாதத்துல்லா கான் பள்ளிவாசல், வேங்கடரமணர் கோயில் எல்லாம் கீழேதான் இருக்கின்றன. அத்தனை ஆண்டு முற்றுகை எப்படித் தாங்கியது என்பதற்கு விடை, பீரங்கியைவிட அந்தக் களஞ்சியங்களிலும் குளங்களிலும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். சாலைக்கு வடக்கே உள்ள கிருஷ்ணகிரியை, ஊரார் ராணிக் கோட்டை என்பதை, களைப்பில் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றுதான் முடியும் என்ற வயதானவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஏற்றம் குறைவு, கூட்டமும் குறைவு.

குளங்களில் இறங்காதீர்கள், ஆழம் தெரியாது, படியில் பாசி. மதிலில் பெயர் கிறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. 2025-இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, பட்டியலிலிருந்த பன்னிரண்டில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான். அந்தக் கல்லின் மேல்தான் கரியால் எழுதுகிறார்கள்.

கோட்டையோடு திரும்பிவிடுவதும் எனக்குத் தவறாகவே படுகிறது. ராஜகிரி உச்சியில் நின்றால், நெல்லும் கரும்பும் மணிலாக் கடலையும் விளையும் வயல்களுக்கு நடுவே ஏரிகளும், ஆள் அடுக்கி வைத்ததுபோன்ற பாறைக் குன்றுகளும் தெரியும். அவற்றில் பல குன்றுகளுக்குச் சொந்த வரலாறு உண்டு. சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். விழுப்புரம் சாலையில் போனால் மண்டகப்பட்டு. செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டில் சொல்கிறான். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் திருநாதர்குன்றுக்குப் போங்கள். ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அங்கேயே ஒரு பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர்விட்ட இடம் இது என்கிறது. செஞ்சியில் மதில் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் பொறித்த எழுத்து அது.