ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை: பக்கவிளைவுக்குப் பயந்து செய்யும் தவறுகள்

அம்மாவின் இடது முன்கையில் ஒருநாள் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. வளையல் இடித்த இடம். முந்தானையால் மூடிக்கொண்டே இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார். அந்த இரண்டு நாளும் மாத்திரை போடவில்லை என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. "ரத்தம் தண்ணியா ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன். கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாம்னுதான்" என்றார்.

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அம்மா இந்த மாத்திரை எடுப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறுக்காக. இது வந்தவர்களுக்கு இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே படபடக்கும். இடது மேலறையை ஒட்டிய சின்னப் பை போன்ற இடத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. மாத்திரை போடுவதால் ரத்தம் நீர்த்துப்போவதில்லை, உறைய வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே. அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகளின் வேலை ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும். அம்மா நிறுத்தியிருந்த நாட்களை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. கையில் சின்னதாகக் கன்றுவது இந்த மாத்திரையோடு வரக்கூடியதுதான். காரணமில்லாமல் அடிக்கடி, பெரிது பெரிதாக வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காட்டும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கப் போகும்போதும் இதே கதைதான்: நிறுத்துவதா வேண்டாமா என்பதை மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடுவதும் கூடாது.

அடுத்தது ஊசி. நம் ஊரில் மூட்டுவலி என்றால் "ஒரு ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அம்மாவும் தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் வலி ஊசி போட்டுக்கொண்டு வந்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அங்கே கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஊசி போட்ட இடம் கல்லாக இறுகி வீங்கி, நீலம் தொடைவரை இறங்கியிருந்தது. தசைக்குள் கசிந்த ரத்தம். ஒரு வாரம் ஒருக்களித்தே படுத்தார். இந்த மாத்திரை எடுப்பவர்கள் எங்கே போனாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஊசி மட்டுமல்ல, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளும் வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே ரத்தம் கசிய வைக்கும். டாக்டர் சொல்லாத ஆஸ்பிரினும் அப்படித்தான். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. ஆனால் வார்ஃபரின், அசிட்ரோம் என்ற பழைய வகை உறைதடுப்பு மாத்திரைகளை எடுப்பவர்கள் அதையும் முழு அளவில் நாள்கணக்கில் போட்டால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கீரை விஷயத்தில் பாவம், பலர் முருங்கைக்கீரையைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களுக்குக் கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தொந்தரவு வருவது ஒரு வாரம் தொடாமல் இருந்துவிட்டு மறுவாரம் தினமும் பொரியல் செய்வதால். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகச் சாப்பிட்டால் அதற்கேற்ப டாக்டர் மருந்தளவை வைத்துக்கொள்வார். புதிய மாத்திரைகளுக்கு இந்தக் கீரைக் கட்டுப்பாடே கிடையாது.

டாபிகட்ரானில் நெஞ்செரிச்சல் சகஜம். நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கினால் குறையும், சாப்பாட்டோடும் போடலாம். விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று கேப்ஸ்யூலைப் பிரித்துத் தயிரில் கலக்கிவிடாதீர்கள். உடம்பில் ஏறும் மருந்தளவு தாறுமாறாகக் கூடிவிடும். ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகள் இதற்கு நேர்மாறு, வெறும் வயிற்றில் போட்டால் சரியாக ஏறாது. விரத நாளிலும் சாப்பிடும் அந்த ஒரு வேளையோடு போடுவது நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் புதிய மாத்திரைக்கு மாறி நன்றாக இருக்கிறாரே என்று நாமாக மாறுவதும் ஆபத்து. உலோக வால்வு வைத்தவர்களுக்கும், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கிறோம், ரத்தம் தொண்டைக்குத்தான் போகிறது. முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால், மலம் தார் போலக் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

பாத்ரூமில் வழுக்கித் தலையில் அடிபட்டால், வெளியே காயமில்லை என்று தைலம் தேய்த்துப் படுக்கவைத்துவிடாதீர்கள். மண்டைக்குள் கசியும் ரத்தம் பல மணி நேரம் கழித்தும் அறிகுறி காட்டும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் கூட்டிப்போங்கள். ஆட்டோ ஏறும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்று அங்கே கேட்பார்கள்.