திருகோணமலை பெயர் கொண்ட நீரிணையில் சூடேறிய எஞ்சின்

கனடாவின் கல்ஃப் தீவுகளில், காலியானோவுக்கும் சால்ட் ஸ்பிரிங்குக்கும் நடுவே உள்ள நீரிணைக்கு டிரின்கோமலி என்று பெயர். நம் திருகோணமலைதான், அந்தப் பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் வழியாக வந்தது. அங்கே காற்று அறவே நின்ற மதியத்தில் எங்கள் பாய்மரப் படகின் எஞ்சின் சூடேறி அலாரம் அடித்தது. எஞ்சினைக் குளிர்வித்த கடல்நீர் வெளியேற வேண்டிய புகைக்குழாயில் தண்ணீர் வரவில்லை. உடனே நிறுத்தினேன்.

கடல்நீர் வால்வை மூடி வடிகட்டியைத் திறந்தால், உள்ளே கடற்புல் அடைத்துக் கிடந்தது. எடுத்தும் பலனில்லை. அப்புறம் கடல்நீரை இழுக்கும் பம்பைக் கழற்றினேன். அதற்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் இரண்டு இதழ்களைக் காணோம். புதியதை மாட்டுவது எளிது. உடைந்த துண்டுகளைத் தேடி எடுப்பதுதான் முக்கியம், இல்லாவிட்டால் மறுபடி அடைக்கும். ஒன்று பம்புக்குள்ளேயே இருந்தது, மற்றது எஞ்சினின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் வாயில். வால்வைத் திறந்து எஞ்சினைப் போட்டதும் தண்ணீர் கொட்டியது. மாலையில் மான்டேக் துறையில் நங்கூரமிட்டோம்.