போன்டி நாற்காலிய நம்மூர் ஆசாரிகிட்ட செய்ய வைக்கிறது எப்படி

மொதல்ல ஒரு தராசு ரெடி பண்ணிக்கோங்க, ஸ்கெட்ச் எல்லாம் அப்புறம். இத்தாலி ஆர்க்கிடெக்ட் ஜியோ போன்டி 1957ல கசீனாங்கற ஃபர்னிச்சர் கம்பெனிக்கு போட்டுக் குடுத்த சூப்பர்லெஜ்ஜேரா நாற்காலி மொத்தமே 1.7 கிலோதான், சின்னப் பையன் ஒத்த விரல்ல தூக்கிடலாம். அப்போ அவருக்கு வயசு 65. மிலன்ல 1921ல ஆர்க்கிடெக்ட் படிச்சு முடிச்சு, பீங்கான் சாமானுக்கு டிசைன் போட்டு, 1928ல டோமுஸ்னு ஒரு டிசைன் பத்திரிகை ஆரம்பிச்ச மனுசன், இந்த நாற்காலிக்கு மட்டும் புதுசா எதையும் கண்டுபிடிக்கல, கியாவரின்னு ஒரு கடலோர ஊர்ல ரொம்ப காலமா செஞ்சுட்டு இருந்த மெலிசு நாற்காலிய எடுத்து வருசக்கணக்கா சீவிக்கிட்டே இருந்தாரு. நம்ம வேலையும் அதேதான், சீவுறது.

நான் பண்ண தப்ப சொல்லிடறேன், போட்டோவ மட்டும் காட்டிட்டு வந்துட்டேன். ஆசாரி தேக்குல ஒன்ர இஞ்சு கனத்துக்கு கால் போட்டு வச்சிருந்தாரு, கேட்டா "ஆளு ஒக்காந்தா தாங்க வேணாமா தம்பி"ங்கறாரு. தூக்கிப் பாத்தா அம்மிக்கல்லு.

அதனால அளவ எழுதிக் குடுங்க. ஒரிஜினல்ல கால் 18 மில்லிமீட்டர்தான், அதுவும் முக்கோணமா சீவுனது, மரம் ஆஷ்னு ஒரு வெளிநாட்டு மரம். நமக்கு ஆஷ் எங்க கெடைக்கும், வாய்க்கா ஓரத்துப் பூவரசு போதும், நல்லா காஞ்சதா நார் நேரா ஓடுறதா பாருங்க, முடிச்சு இருந்தா வேணாம். மொதல் தடவ 22 மில்லிமீட்டர்ல நிறுத்திக்கோங்க, பேராசைப்பட்டா ஒடிஞ்சிரும். சட்டம் வந்து சேர்ற எடத்துல மட்டும் கனம் விட்டுட்டு மிச்ச எடத்துல சீவச் சொல்லுங்க. ஆணி கூடவே கூடாது, துளை போட்டு கழுந்து (துளைக்குள்ள நுழையற மாதிரி சீவுன மர முனை) எறக்கி பெவிகால் வச்சு ஒரு ராத்திரி கயிறு போட்டு முறுக்கிக் கட்டிடணும்.

பாலிஷ மொதல்லயே முடிச்சிருங்க, அப்புறந்தான் சீட்டு. பலகை அடிச்சீங்கன்னா இவ்ளோ நேரம் சீவுனதெல்லாம் வேஸ்ட், போன்டியே பிரம்புப் பின்னல்தான் போட்டாரு. சீர்காழிலேர்ந்து சிதம்பரம் போற ரோட்டுல தைக்கால்ல பிரம்பு வேலைக்காரங்க இருக்காங்க, ஃப்ரேம பஸ்லயே தூக்கிட்டுப் போயிடலாம். பிரம்ப ஊற வச்சு ஈரத்தோட பின்னுவாங்க, காயும்போது தானா இழுத்துக்கும், அதுவரைக்கும் யாரையும் ஒக்கார விடாதீங்க. காஞ்சதும் விரலால தட்டுங்க, தவில் மாதிரி விண்ணுன்னு கேக்கணும், சொத்துன்னு கேட்டா காசு குடுக்குறதுக்கு முன்னாடியே அவுத்துப் பின்னச் சொல்லுங்க.