வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போதே மராமத்துக்கும் பணம் வாங்குவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டைமாடி இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டுக் கடனுக்கு வட்டியும் அதிகம். கடனை வேறு வங்கிக்கு மாற்றி, மராமத்துக்கு டாப்-அப் கடனும் (அதே வீட்டின் மேல் கூடுதலாக வாங்கும் கடன்) வாங்கினேன். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். முதலில் மாற்றிவிட்டு அப்புறம் கேட்டால், சில மாதத் தவணை கட்டிய பிறகு வாருங்கள் என்று சொல்லும் வங்கிகள் உண்டு. வக்கீல் கட்டணமும் பதிவுச் செலவும் இரண்டாம் முறை வரலாம்.

முதலில் இன்ஜினியரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். கொத்தனார் வாயால் சொன்ன கணக்கை வங்கி ஏற்காது. மாடியில் அறை எடுப்பதாக இருந்தால் கட்டட அனுமதியும் வேண்டும்.

அடுத்து, இப்போதைய வங்கிக்கே போய் வட்டியைக் குறைக்கக் கேளுங்கள். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு சேர்ந்தவை. அதற்கு முந்தைய கடன் என்றால் சிறு கட்டணத்தில் புதிய முறைக்கு மாற்றித் தரலாம். டாப்-அப்பும் அங்கேயே கிடைத்தால் அலைச்சல் மிச்சம்.

மறுத்துவிட்டார்களா? சரி, கணக்குப் போடுங்கள். பாக்கி 18 லட்சம், இன்னும் 14 வருடம் என்று வைப்போம். வட்டி 9.5 சதவீதத்திலிருந்து 8.5 ஆனால் மாதத் தவணை சுமார் 1,050 ரூபாய் குறையும். செயலாக்கக் கட்டணம், வக்கீல், பதிவு எல்லாம் சேர்ந்து 25,000 ஆனால், அதை எடுக்கவே இரண்டு வருடம். அரை சதவீத வித்தியாசத்துக்கு நான் மெனக்கெட மாட்டேன். தனிநபருக்கான மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி காகிதங்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். அதனால் பழைய மூலப்பத்திரமும் பாகப்பத்திரமும் மலையாளத்தில் இருக்கும். புது வங்கியின் வக்கீல் மொழிபெயர்ப்பு கேட்டார். ஆள் தேடி எழுதி வாங்கவே எனக்கு மூன்று வாரம். அசல் பத்திரம் பழைய வங்கியில் இருப்பதால் நகல்களோடு இதை முன்கூட்டியே செய்துவையுங்கள். கூடவே பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, அனுமதி பெற்ற வரைபடம். பழைய வங்கியிடம் கடன் கணக்கு விவரம், கடனை அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லும் முடிப்புத் தொகைக் கடிதம், அவர்கள் கையில் உள்ள பத்திரங்களின் பட்டியல் வாங்குங்கள்.

புது வங்கி மதிப்பீடு முடித்து, பாக்கியைப் பழைய வங்கிக்கே நேராகக் கட்டும். டாப்-அப் தொகை பெரும்பாலும் அசல் பத்திரம் புது வங்கியின் கைக்குப் போய், அடமானப் பதிவு முடிந்த பிறகே வரும். அதை நம்பிக் கொத்தனாருக்கு அட்வான்ஸ் பேசாதீர்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும். கூரை வேலை என்றால் டிசம்பரிலேயே விண்ணப்பியுங்கள்.

டாப்-அப்பைப் பெரிய கடனோடு சேர்த்து நீட்டவும் வேண்டாம். 4 லட்சத்தை 9 சதவீதத்தில் 14 வருடம் கட்டினால் வட்டி மட்டும் சுமார் 3 லட்சம். ஐந்தே வருடத்தில் முடித்தால் சுமார் 98,000. தவணை இரண்டு மடங்காகும், ஆனாலும் தாங்க முடிந்தால் இதுதான் நல்லது. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்கள் மராமத்து பில்களைப் பத்திரமாக வையுங்கள். குடியிருக்கும் வீட்டின் மராமத்துக் கடன் வட்டிக்கு வருடம் 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு.

கடைசி வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடன் அடைந்த 30 நாளுக்குள் பழைய வங்கி அசல் பத்திரங்களை விடுவிக்க வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி. பழைய அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் சொல்லுங்கள். சில வாரம் கழித்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அந்த ரசீது ஏறியிருக்க வேண்டும்.